சிங்கப்பூர் போகாத சிங்கப்பூர்க்காரர்

எங்கள் தெருவில் எல்லோரும் அவரைச் சிங்கப்பூர்க்காரர் என்றுதான் சொல்வோம். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவருக்கு இரண்டு பெயர் இருந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஒன்றை எழுதினால் மற்றதற்குக் குறை வைத்தது போல ஆகிவிடும்.

நாகல் நகரில் ஒரு சந்துக்குள் எனக்குத் தையல் கடை. ஆண்கள் சட்டை, பேண்ட் மட்டும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன வயதிலிருந்தே ஆட்களிடம் பேசக் கூச்சம். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, குனிந்தபடியே பதில் சொல்லிவிடலாம். அதற்காகவே நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று என் மனைவி சொல்வாள். உண்மையாகவும் இருக்கலாம்.

அவர் முதன்முதலாக வந்தது ஒரு பேண்டின் நீளத்தைக் குறைக்க. அப்போது அவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். எனக்கு முப்பத்தைந்து இருக்கும். துணியை வலது கையால் நீட்டினார். நீட்டும்போது இடது கை விரல்களால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டார். நான் ஏதோ பெரிய மனிதன் போலவும் அவர் எனக்குக் காணிக்கை வைப்பது போலவும் இருந்தது. வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. பிறகு கவனித்தால் டீக்காரருக்குக் காசு கொடுப்பது, தெருவில் பூ வாங்குவது எல்லாமே அப்படித்தான். யாராவது கேட்டால், “முழங்கைல ஒரு குடைச்சல்ப்பா, தொட்டுக்கிட்டா தேவலைன்னு இருக்கு” என்பார்.

சந்து முனையில் இருக்கும் வீடு அவர் தங்கையுடையது. மாடியில் ஓர் அறையில் அவர் இருந்தார். சின்ன வயதிலேயே சிங்கப்பூர் போனவர், கல்யாணம் செய்துகொள்ளாமல் காலம் தள்ளிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார் என்று தங்கை சொன்னார். வந்த புதிதில் தெருவில் வீட்டுக்கு ஒன்றாகக் கோடாலித் தைலம் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்குத் தைலத்தோடு ஒரு சோப்பும் வந்தது. என் மனைவி அந்தச் சோப்பை ரொம்ப நாள் பிரிக்காமல் துணிகளுக்கு நடுவே வாசனைக்கு வைத்திருந்தாள்.

பேண்டை வாங்கிப்போன மறுநாள் வந்து, “செத்த நேரம் உக்காந்து பேப்பர் படிச்சிட்டுப் போகவா தம்பி?” என்று கேட்டார். அதன்பிறகு பதினான்கு, பதினைந்து வருடம் காலையில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி அவருடையதுதான். ஆனால் அவருடையது என்று சொல்லும்படி அவர் அதில் எதையும் விட்டுப் போனதில்லை. பேப்பரைக் கடையில் வாங்கியது போலவே பழைய மடிப்பில் மடித்து வைப்பார். டீ டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்ப்பார். நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திவிடுவார். அவர் எழுந்துபோன பிறகு வருகிறவருக்கு, அங்கே ஒரு மனிதர் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று தெரியவே தெரியாது.

பேச்சிலும் அப்படித்தான். ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வெல்டர் என்னிடம் சட்டை தைக்க வருவார். உண்மையாகவே சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஒருநாள் அவர் இவரைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, சிங்கப்பூர்லயா இருந்தீக? நானும் அங்கதேன் கெடந்தேன். நீங்க எந்தப் பக்கம்ண்ணே?”

“நீ எந்தப் பக்கம்ப்பா?”

“துவாஸ்ண்ணே. கடைக்கோடி.”

“அடேயப்பா. அங்கிருந்து தேக்கா கடைத்தெருவுக்கு வந்து சேரவே ஞாயித்துக்கிழமை பாதி போயிருமே.”

“அதச் சொல்லுங்க! வந்து ஒரு பரோட்டாவைத் தின்னுட்டுத் திரும்பினா பொழுது அடைஞ்சிரும். இதுல வீட்டுக்கு வேற போன் பேசணும். எம்பொண்டாட்டி என்ன செய்வா தெரியுமாண்ணே, போனை எடுத்ததும் அழுவா. அழுது முடிக்கிறதுக்குள்ள கார்டு தீர்ந்துரும்.”

“அப்புறம் எப்படிச் சமாளிச்ச?”

அவ்வளவுதான். வெல்டர் காலில் நெருப்புப் பட்டது, கம்பெனிக்காரன் ஏமாற்றியது, மச்சினனோடு சண்டை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, “அண்ணே, உங்களைப் பாத்தது அந்த ஊரையே பாத்த மாதிரி இருக்கு” என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். இவர் எங்கே இருந்தார், என்ன வேலை பார்த்தார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது வெல்டருக்குத் தெரியவும் இல்லை. குனிந்து தைத்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரிந்தது. பேசாதவனுக்கு மற்றவர் பேச்சு நன்றாகக் காதில் விழும்.

தங்கை மகள் கல்யாணம் வந்தது. இவர் தாய்மாமன். மேடையேறாமல் இருக்க முடியுமா? நான்தான் சட்டை தைத்தேன், வெள்ளையில் மெல்லிய கோடு போட்ட துணி. கல்யாணம் முடிந்து ஆல்பம் வந்ததும் அவர் தங்கை அதைத் தூக்கிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்துவிட்டார்.

“தம்பி, இந்தக் கூத்தைப் பாரு. எங்கண்ணன் மூஞ்சி ஒரு படத்துலயாச்சும் தெரியுதா?”

பார்த்தேன். சீர்த்தட்டைக் கொடுக்கும் படத்தில் தட்டு சரியாக முகத்தை மறைத்திருந்தது. மாலை போடும் படத்தில் மாலை. ஆசீர்வாதம் செய்யும் படத்தில் முகம் மணமகள் தலைக்குப் பின்னால். குடும்பத்தோடு எடுத்ததில் அந்த நொடி குனிந்து செருப்பையோ எதையோ சரிசெய்கிறார். நான் தைத்த சட்டை எல்லாப் படத்திலும் தோளில் அழகாக விழுந்திருந்தது. உள்ளே இருந்தவரைத்தான் காணோம்.

“போட்டோக்காரன் தொண்டை கிழியக் கத்துனான், ‘மாமா இங்க பாருங்க, மாமா இங்க பாருங்க’ன்னு. ஏண்ணே, என்ன வெக்கம் உனக்கு, நீயா பொண்ணு?”

நாற்காலியில் இருந்த அவர் பேப்பரை இறக்காமலே, “என் மூஞ்சிக்கு என்ன குறைச்சல்? மருமகதான் அழகா இருக்கா. அவளைப் பாரு” என்றார்.

என் கடைப் படியின் ஓரத்தில் செல்வி அக்கா உட்கார்ந்து பூக்கட்டுவார். மல்லிகை, காக்கரட்டான், என்ன கிடைக்கிறதோ அது. கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும். அவருடைய புருஷன், மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இன்னொருத்தியோடு போய்விட்டான். பத்து வருடத்துக்குப் பிறகு அவன் எங்கோ இருப்பதாக யாரோ வந்து சொன்னார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று செல்வி அக்கா படியில் உட்கார்ந்து உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூர்க்காரர் கேட்டார், “வீட்டுல அவன் போட்டோ எதுவும் இருக்கா செல்வி?”

“போட்டோவா? கல்யாணப் போட்டோ ஒண்ணு இருந்துச்சு. அடுப்புல வச்சுட்டேன். செத்துப் போயிருந்தான்னா நடு வீட்டுல மாட்டி, நாங் கட்டுற பூவுலயே வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஒரு மொழம் போட்டுருப்பேன். ஓடிப்போனவனுக்கு எதுக்குண்ணே படம்?”

“ஒருவேளை வர முடியாத எடத்துல மாட்டிக்கிட்டிருந்தா?”

செல்வி அக்கா நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். “வர முடியாத எடம்னா அது சுடுகாடு ஒண்ணுதேன். மத்த எடத்துலருந்தெல்லாம் மனசிருந்தா வரலாம்.”

அன்றைக்கு அவர் டீயைக் குடிக்கவில்லை. டம்ளரைக் கழுவவும் இல்லை. ஆடை படிந்த டீ நாற்காலிக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. அவர் விட்டுப்போன முதல் தடயம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த வாரம் மாதாந்திர மின்தடை. என் மிஷினுக்கு மோட்டார் போட்ட பிறகு கரண்ட் போனால் கை ஓடாது. பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். செல்வி அக்கா பூ வாங்க மார்க்கெட் போயிருந்தார். சந்தில் ஆள் இல்லை. அவர் பேப்பரை மடித்தார்.

“தம்பி, நான் சிங்கப்பூரைக் கண்ணால பாத்ததே இல்லை.”

நான் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீ இத்தனை வருசத்துல என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. அதனாலதான் உன்கிட்டச் சொல்றேன். அந்தத் தைலம், சோப்பு எல்லாம் மதுரையில பஸ் மாறுறப்ப வாங்கினது. வெளிநாட்டுலருந்து வர்றவன் வெறுங்கையோட வந்தா நம்ம ஊர்ல நம்புவாங்களா?”

பிறகு சொன்னார். இளைஞராக அரசாங்க வேலைக்குப் போனவரை வேறொரு வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். பயிற்சி கொடுத்து, வேறு பெயர் கொடுத்து, கிழக்கே ஒரு நாட்டுக்கு அனுப்பினார்கள். நாட்டின் பெயரைச் சொல்லவில்லை. அங்கேயே பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை என்று சொல்லி ஒரு துறைமுகத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்தார். அந்த ஊர்ப் பேச்சு, சாப்பாடு, கும்பிடுகிற விதம், கொடுக்கும்போது முழங்கையைத் தொடுவது எல்லாம் படிந்துவிட்டது.

“அங்க என்னண்ணே வேலை?” என்று கேட்டேன். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி.

“கப்பல் வரும், போகும். அதைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அம்புட்டுதான்.”

பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார். “எதிர்ல ஒரு சூப்புக் கடை. கடைக்காரர் மகளைக் கட்டிக்கிட்டேன். கட்டாம இருந்தா சந்தேகம் வரும்னு மேல இருந்து சொன்னாங்க. வேலைக்காகக் கட்டினதுதான். ஆனா அவ வேலைக்காக என்னைக் கட்டலையே.” ஒரு பெண் குழந்தை. அதற்கு எட்டு வயது நடந்தபோது, இவரைப் போலவே அங்கே அனுப்பப்பட்ட ஒருவர் மாட்டிக்கொண்டார். அடுத்தது இவர் என்று செய்தி வந்தது. அரை நாள் அவகாசம்.

“கடைக்கு டயர் எடுத்துட்டுச் சாயங்காலம் வந்துர்றேன்னு சொல்லிட்டுக் கெளம்பினேன். பிள்ளை பெல் வச்ச சைக்கிள் கேட்டுக்கிட்டிருந்தா. பெல்லும் வாங்கிட்டு வர்றேன்னேன்.”

அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. படகு கவிழ்ந்து இறந்துவிட்டதாக வீட்டுக்குச் செய்தி போக ஏற்பாடு செய்கிறோம் என்று மேலதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். செய்தார்களா என்று இவர் கேட்டபோது, “அது உங்களுக்கு எதற்கு?” என்று சொல்லிவிட்டார்கள். போனிலோ கம்ப்யூட்டரிலோ அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது என்று கட்டளை. அவரிடம் இருந்தது பட்டன் போன்தான்.

“அன்னிக்குச் செல்வி சொன்னா பாரு. அதுதான் தம்பி ராத்திரி பகலா என்னைத் தின்னுக்கிட்டு இருக்கு. அந்தப் பிள்ளைக்கு நான் செத்தவனா, ஓடிப்போனவனா? செத்தவனா இருந்தா போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

கரண்ட் வந்தது. மோட்டார் உறுமியது. ஆறுதல் சொல்ல எனக்கு எப்போதுமே தெரியாது. பட்டனை அறுத்துவிட்டு மறுபடி தைத்தேன். அவர் தொடர்ந்து சொன்னார்.

“அந்த வேலையில நான் ஒரே ஒரு தப்புப் பண்ணினேன். போட்டோ எடுத்துக்கக்கூடாது. பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ற அன்னிக்கு மூணு பேரும் ஸ்டூடியோவுல நின்னு ஒண்ணு எடுத்தோம். அவ பெஞ்சு மேல நின்னு என் தோள்ல கையை வச்சுக்கிட்டா. மேல சொல்லவே இல்லை. கெளம்புற அன்னிக்கு அதை எடுத்துக் கிழிச்சுப் போட்டுட்டு வந்திருக்கணும். சுவர் முன்னால போய் நின்னேன். கை வரலை.”

இது நடந்து வெகு காலம் கழித்து, செல்வி அக்காவின் மகளுக்கு நர்சிங் சேரும் வயதாகிவிட்டது. சேரப்போகும் கல்லூரி எப்படி இருக்கிறது என்று என் போனை வாங்கி மேப்பில் தேடினாள்.

“இங்க பாருங்க மாமா, ஹாஸ்டல் சாப்பாட்டைக்கூடப் போட்டோ எடுத்துப் போட்டுருக்காங்க. தண்ணிச் சாம்பார்!”

“யாரும்மா போடுறது?” என்றார் சிங்கப்பூர்க்காரர்.

“போறவுக வாரவுகதான். எந்தக் கடைன்னாலும் இருக்கும். வெளிநாட்டுக் கடைகூட வரும்.”

அவர் பேப்பரைத் தூக்கிக்கொண்டார். அதன் பிறகு இரண்டு மூன்று நாள் வரவில்லை. வந்தபோது பேப்பரைத் தொடவில்லை. கத்தரிக்குப் பக்கத்தில் கிடந்த என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்து கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். கேட்காமல் இருக்கிறவர்களின் கஷ்டம் எனக்கு நன்றாகவே தெரியும். என் வாழ்க்கையில் நானாக ஒருவரிடம் ஒரு பேச்சைத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

“அண்ணே, இந்தாங்க. பாத்துருங்க.”

“வேணாம் தம்பி. உனக்கு வம்பு வரும்.”

“சட்டை தைக்கிறவன்கிட்ட வந்து யாருண்ணே என்ன கேக்கப் போறா? காலர் ஏன் கோணலா இருக்குன்னு கேப்பாக.”

சிரித்தார். போனை எடுத்துக்கொண்டு, “நீ அந்தப் பக்கம் திரும்பிக்க. ஊர் பேரு உனக்குத் தெரியக்கூடாது” என்றார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ஒற்றை விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. “தம்பி” என்று கூப்பிட்டபோது குரல் வேறாக இருந்தது.

யாரோ சாப்பிடப் போனவர் எடுத்துப் போட்ட படம். ஒரு சின்னச் சூப்புக் கடை. மேஜைக்கு அப்பால் இருபது தாண்டிய ஒரு பெண் வலது கையால் கிண்ணத்தை நீட்டுகிறாள். இடது கை விரல்கள் வலது முழங்கையைத் தொட்டிருக்கின்றன. யாரென்று அவர் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“மூக்கு அவ அம்மா மூக்கு” என்றார். பிறகு இரண்டு விரலால் படத்தை விரித்துப் பின்னால் இருந்த சுவருக்குப் போனார். மேலே ஒரு பலகை, அதில் சின்ன விளக்கு, ஒரு கிண்ணத்தில் பூ. பலகைக்கு மேலே சட்டம் போட்ட ஒரு படம். அதில் அவர் இருந்தார், முழு முகமும் தெரிய. தலைமுடி கறுப்பாக, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. நான் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை. அவர் தோளின் மேல் குழந்தையின் விரல்கள் மட்டும் தெரிந்தன. மற்றதை வெட்டிவிட்டு அவரை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். நம் ஊரிலும் அப்படித்தானே, கூட்டமாக எடுத்த படத்திலிருந்து ஒருவரை மட்டும் எதற்காகப் பிரித்தெடுப்போம்?

அவருக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முகம் சிரித்தது.

“படகு கவுந்துருச்சு தம்பி” என்றார். “நல்லபடியா கவுந்துருச்சு.”

கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “பாத்தியா, ஒரு படந்தான் இருக்கு. பக்கத்துல வேற படம் இல்லை. அப்ப அவ அம்மா உசிரோட இருக்கா.”

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தேடியதையெல்லாம் போனிலிருந்து தானே அழித்தார். என்னிடம் போனை வலது கையால் நீட்டினார். இடது கை முழங்கையைத் தொட்டது. நானும் அதேபோல முழங்கையைத் தொட்டுக்கொண்டு வாங்கினேன். ஏனென்று தெரியவில்லை, கூச்சமாக இல்லை.

அதன்பிறகு ஒருநாள் சொன்னார், “நான் போனப்புறம் யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணிச்சுன்னா சொல்லிக்க. ஊரையும் பேரையும் மட்டும் விட்டுரு.” விட்டுவிட்டேன்.

போன ஐப்பசியில் ஒரு காலை அவர் எழவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க ஆள் வந்து போட்டோ கேட்டான். வீடு முழுக்கத் தேடினார்கள். ஆல்பத்தில் தட்டும் மாலையும்தான் இருந்தன. ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். புகை போல வந்தது, யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். அவர் தங்கை என் கடைக்கு ஓடி வந்து, “தம்பி, உங்கிட்டதான எந்நேரமும் உக்காந்திருப்பாக, உன் போன்லயாச்சும் எதுவும் இருக்காப்பா?” என்று கேட்டார். இல்லையென்று சொன்னேன். அது உண்மைதான், என் போனில் இல்லை. கடைசியில் குத்துவிளக்குப் படத்தைப் போட்டு, கீழே பெயரை அச்சடித்து ஒட்டினார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, படியில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த செல்வி அக்கா எதிர்ச் சுவரில் இருந்த அந்தப் போஸ்டரையே பார்த்தார். மழையில் ஒரு மூலை பெயர்ந்து தொங்கியது.

“ஏந் தம்பி, இம்புட்டு வருசம் இருந்த மனுசனுக்கு ஒரு படங்கூடவா இல்லாமப் போச்சு?”

“இருக்குக்கா” என்றேன்.

“எங்க?”

“நடு வீட்டுல மாட்டியிருக்கு. பூப் போட்டு.”

செல்வி அக்காவின் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தார். நான் மிஷின் பக்கம் குனியாமல் நேராகவே அவரைப் பார்த்தேன். எந்த வீட்டில் என்று அவர் கேட்கவில்லை. மடியில் கிடந்த பூவைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு, “அப்பச் சரி” என்றார்.